காரணம் என்றொரு கட்டம்

நேசமலர் சின்னப்பு. ஹொக்கி மிஸ்.
முப்பத்து மூன்று வருடமும் ஏழு மாதமும்.
ஓய்வூதியப் படிவத்தில் "சிறப்புச் சாதனைகள்" என்பதற்கு
நாலு கோடு விட்டிருக்கிறார்கள்.
நான் கல்லூரிக் கந்தோரின் இலிகிதன்,
கோட்டுக்குள் அடங்க எழுதியே நரைத்தவன்.

"விபரம் தாங்கோ மிஸ்" என்றேன்.
ஷொப்பிங் பையில் சுற்றிய கொப்பி ஒன்றை
மேசையில் போட்டுவிட்டு
மைதானத்துக்கு நடந்தா.

திகதி. எதிரணி. கோல். காரணம்.

காரணம் என்ற கட்டம்தான் எல்லாவற்றிலும் அகலம்.
"இடது பக்கம் ஜெனிற்றா நித்திரை."
"வென்றது நாங்கள் அல்ல, அவர்கள் பிழை விட்டார்கள்."
"மழை. ஆனால் மழை இரண்டு பக்கமும் பெய்தது."

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் ஓர் ஆட்டம்:
இடைவேளையில் ஹெலி வந்திருக்கிறது.
இரண்டாம் பாதியை அவ எழுதியது இவ்வளவுதான்:
"பந்து தொலைந்தது."

அடுத்த வருடம் ஐந்தாம் இலக்கத்துக்கு நேரே வெறுமை.
அதற்குப் பிறகும் எந்த அணியிலும் ஐந்து இல்லை,
நாலுக்குப் பின் ஆறு.
கேட்டேன்.
"அந்தச் சட்டை சிறிசு" என்று
விசிலைத் துடைத்தா.

தொண்ணூற்றைந்து ஐப்பசி,
ஊரே நாவற்குழிப் பாலத்தில் நனைந்துகொண்டு நின்ற இரவு
கொப்பியின் கீழ் மூலை நீலமாய்க் கரைந்திருக்கிறது.
காரணக் கட்டத்தில் ஒன்றுமில்லை.
ஆட்டம் நடக்கவில்லை, ஆகவே தோல்வியுமில்லை,
அவவின் கணக்கு அப்படி.

திரும்பி வந்தபோது கோல் கம்பங்களை
யாரோ அடுப்பெரித்திருந்தார்கள்.
இரண்டு பனங்குற்றி நட்டு, மீன்வலை கட்டி,
மூன்றாம் நாளே பயிற்சி.
இதைக் கொப்பி சொல்லவில்லை.
வலைக்கான பற்றுச்சீட்டு என் கோப்பில் இருக்கிறது.

பாதை திறந்த வருடம் முதல்முறை கொழும்பு.
பச்சைச் செயற்கைத் தரை, தண்ணீர் தெளித்தது.
எங்கள் புழுதியில் நாலடி போய் நிற்கும் பந்து
அங்கே ஐஸ்கட்டியில் விட்டதுபோல் வழுக்கி ஓடியது.
பதினொன்று – பூச்சியம்.
காரணம்: "தரை." அதை வெட்டி,
"தரை எங்களுக்குத் தெரியாது." அதையும் வெட்டி,
"தெரிந்துகொள்ளவில்லை."

அந்த ஞாயிறுகளை நானே பார்த்தேன்.
பிரார்த்தனை மண்டபத்துச் சீமெந்தில் சவர்க்காரத் தண்ணீர்,
வெறுங்காலோடு பதினாறு பெட்டையள்,
விழுந்தெழும்பிப் பந்தைத் துரத்தும் சத்தம்.
குருநகர் ஐஸ் பக்டரியில் இருந்து
மரத்தூள் மூட்டையில் கட்டி வந்தது முழங்காலுக்கு.
அதிபர் என்னிடம் சத்தம் போட்டார்.
நான் மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னேன்.
மிஸ் எனக்கும் ஒரு வாளி தந்தா.

அடுத்த வருடம் ஏழு – ஒன்று.
அதற்கடுத்தது நாலு – ஒன்று.
பிறகு ஒருநாள் பூச்சியம் – பூச்சியம்.
அந்தக் காரணக் கட்டத்தில்
பேனையை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் யோசித்த
ஒரு மைப்பொட்டு மட்டும்.

கூட்டினேன்.
ஆட்டம் முந்நூற்றுப் பதினொன்று.
வெற்றி தொண்ணூற்றேழு, சமன் ஐம்பத்தெட்டு,
தோல்வி நூற்றைம்பத்தாறு.
"தோல்வியை விடுங்கோ" என்றார் அதிபர்.
"எழுதும்" என்றா மிஸ்.
நாலு கோடு போதவில்லை.
கொப்பியையே பின்னால் இணைத்து
வலயக் கந்தோருக்கு அனுப்பினேன்.

மூன்று கிழமையில் திரும்பி வந்தது,
"இணைப்பு அவசியமற்றது" என்ற சிவப்பு முத்திரையோடு.
முத்திரை விழுந்திருந்தது
நாவற்குழி நனைத்த அதே பக்கத்தில்.

மிஸ் வாங்கிப் பார்த்தா.
கோபமில்லை. என் பேனையை எடுத்து
கடைசி வரிக்குக் கீழே புது வரி போட்டா:
வலயக் கல்விப் பணிமனை. ஒன்று – பூச்சியம்.
காரணம்: "கோல் காப்பாளர் இலிகிதர் நித்திரை."

நான் என் பிரதியை எடுத்து
நூற்றைம்பத்தாறை வெட்டி
ஏழாக்கினேன்.